காடியைத் திருப்பிக் கொடுத்த பின்னும் நிற்கும் பாக்கி

லோனில் எடுத்த காடியை (காரை) பேங்கிடம் திருப்பிக் கொடுத்துவிட்டால் கடனும் அதோடு போய்விடும் என்று மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் பலரும் நம்புகிறார்கள். "காடியே இல்லையே, அப்புறம் எதுக்குக் காசு?" என்று கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் சட்டமும் கணக்கும் அப்படி ஓடுவதில்லை. காடி போய், ஏலம் முடிந்து, சில மாதம் கழித்து ஒரு கடிதம் வரும். அதில் 10,000 அல்லது 15,000 வெள்ளி (ரிங்கிட்) என்று ஒரு தொகை இருக்கும், பக்கத்திலேயே ஒரு கெடுவும் இருக்கும். அந்தக் கடிதத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதில் இருக்கிற தொகையை அப்படியே ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், கடிதத்தைக் கிழித்துப் போடவும் வேண்டாம். ஒவ்வொரு வரிக்கும் கணக்குக் கேளுங்கள். கட்ட வேண்டியதை மட்டும் கட்டுங்கள்.

சுங்கை சிப்புட் ஈப்போவுக்கு வடக்கே, கோலகங்சாருக்குப் போகும் பழைய பெருஞ்சாலையில் இருக்கிறது. சுற்றிலும் ஒரு காலத்தில் பால்மரம் (ரப்பர்), இப்போது பெரும்பாலும் செம்பனை. தோட்டத்து லயத்து வீட்டை விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்து எத்தனையோ வருடம் ஆனவர்களிடம்கூட "நீங்க எந்தத் தோட்டம்?" என்றுதான் இன்றும் விசாரிப்பார்கள். கமுனிங், எல்பில், டோவன்பி என்று பதில் வரும். தோட்டத்தின் பெயர் நம்மோடு இருக்கிறது, வேலை மட்டும் வேறு இடத்துக்குப் போய்விட்டது. பிள்ளைகள் ஈப்போவிலும் செம்மோரிலும் இருக்கிற பேக்டரிகளுக்குப் போகிறார்கள். இரவு ஷிப்ட் முடிகிற நேரத்தில் பஸ் ஏது? மழையில் மோட்டாரில் நனைந்து வருகிற மகனைப் பார்க்கிற எந்தத் தாயும் "ஒரு காடி எடுத்துடுப்பா" என்றுதான் சொல்வாள். தோட்டத்துப் பிள்ளைகள் பகட்டுக்குக் காடி வாங்கிக் கடனில் மாட்டுகிறார்கள் என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம் வரும். எங்கள் ஊரில் காடி இல்லையென்றால் நல்ல வேலையும் இல்லை.

என் தம்பியும் அப்படித்தான் எடுத்தான். விலை 60,000 வெள்ளி. சட்டப்படி குறைந்தது 10 விழுக்காடு முன்பணம் கட்ட வேண்டும், அந்த 6,000 வெள்ளியை அம்மாவின் சீட்டுக் காசிலிருந்து கட்டினோம். மீதி 54,000 வெள்ளிக்கு லோன், 9 வருடம், ஆண்டுக்கு 3 விழுக்காடு வட்டி. மாதத் தவணை 635 வெள்ளி. ஓவர்டைம் இருந்த வரைக்கும் ஒரு மாதம்கூடத் தவறவில்லை. பேக்டரியில் ஆர்டர் குறைந்து ஓவர்டைமை நிறுத்தியதும் அடிப்படைச் சம்பளம் மட்டும்தான் கையில் வந்தது. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் 635-ஐ எடுத்துவிட்டு, பெட்ரோல், வீட்டு வாடகை, பால் மாவு என்று போட்டுப் பாருங்கள். 34 தவணை கட்டியவனால் அடுத்த இரண்டைக் கட்ட முடியவில்லை.

இங்கே கணக்கைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வருகிற கடிதத்தின் வேர் இதில்தான் இருக்கிறது. 3 விழுக்காடு என்றால் குறைவாகத்தானே இருக்கிறது என்று நினைப்போம். தம்பியின் லோனில் அது பிளாட் வட்டி. கடன் குறையக் குறைய வட்டி குறைவதில்லை. முதல் நாளிலேயே 54,000-க்கு 9 வருட வட்டியையும் போட்டு, 14,580 வெள்ளி என்று எழுதி, மொத்தம் 68,580-ஐ 108 மாதத்தால் வகுத்துவிட்டார்கள். இடையில் முடித்தால் மீதி வட்டியில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தத் தள்ளுபடியை '78 விதி' என்ற முறையில் கணக்குப் போட்டார்கள். அந்த விதிப்படி முன்னால் வருகிற மாதங்கள் வட்டியில் பெரும்பங்கைத் தின்றுவிடும், பின்னால் வருகிற மாதங்களுக்குக் கொஞ்சம்தான் மிஞ்சும்.

தம்பியின் லோன் 36 மாதத்தை எட்டியபோது இன்னும் 72 மாதம் இருந்தது. 72-ஐ 73-ஆல் பெருக்கி, அதை 108-ஐ 109-ஆல் பெருக்கி வருகிற எண்ணால் வகுத்து, 14,580-ஆல் பெருக்கினால் தள்ளுபடி ஏறக்குறைய 6,510 வெள்ளி. அப்படியானால் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிருந்தபோது வட்டியில் பாதிக்கு மேல், 8,070 வெள்ளி, போய்விட்டது. அவன் கட்டியது 21,590 வெள்ளி. அதில் அசலுக்குப் போனது 13,520 மட்டும். கட்டாத 74 தவணையின் தொகை 46,990, அதில் தள்ளுபடியைக் கழித்தால் 40,480. அன்றைக்குக் கடனை முடிக்க வேண்டுமானால் அவ்வளவு கட்ட வேண்டும். காடியின் சந்தை விலை அதைவிட எவ்வளவோ கீழே இருந்தது. நீண்ட தவணையில் எடுத்த எந்தக் காடிக்கும் முதல் நாலைந்து வருடம் இந்தப் பள்ளம் இருக்கும். 9 வருட லோன் ஏழைக்குச் செய்கிற உதவி என்று விற்பனைக்காரர்கள் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தவணையைச் சின்னதாகக் காட்டி, பள்ளத்தை ஆழமாக்குகிற வேலை அது.

இரண்டு தவணை தவறியதும் நாலாவது அட்டவணை நோட்டீஸ் வந்தது. 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின் கீழ் வருகிற நோட்டீஸ் அது. இந்தச் சட்டப்படி கடைசித் தவணை கட்டி முடிகிற வரை காடி கடன் கொடுத்தவருக்குத்தான் சொந்தம், நாம் அதை வாடகைக்கு வைத்திருப்பவர்கள். ஆனாலும் இஷ்டத்துக்கு வந்து இழுத்துப்போக முடியாது. தொடர்ந்து இரண்டு தவணை தவறியிருக்க வேண்டும், 21 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும், இழுக்க வருகிறவரிடம் அனுமதி அட்டை இருக்க வேண்டும். காடியின் ரொக்க விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால் கோர்ட் உத்தரவு இல்லாமல் தொடவே கூடாது. கடைசித் தவணைகளில் சறுக்குகிறவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு இந்த 75 விழுக்காடு விஷயம் தெரியாது. கைலியோடு வாசலுக்கு வந்து சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள்.

நான் தோட்ட ஆபீஸில் கணக்கு வேலை பார்க்கிறேன். மலாயிலும் இங்கிலீஷிலும் வருகிற கடிதங்களைப் படித்துச் சொல்லச் சொல்லி ஆட்கள் வருவார்கள். ஆனால் என் தம்பி வரவில்லை. மாமா வந்தார். அம்மாவின் தம்பி, லோனுக்கு ஜாமீன் போட்டவர். கையில் கவரோடு வந்து, "ஏம்மா, நான் காடியே ஓட்டல, எனக்கு எதுக்குமா லெட்டர் வருது?" என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது. தோட்டத்தில் லாரி ஓட்டிச் சம்பாதித்து, யாரிடமும் ஒரு காசு கடன் வைக்காதவர். அன்று இரவே தம்பியை அழைத்து, அம்மா, மாமா எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினோம். கடனைப் பற்றி வீட்டில் பேசாமல் வைத்திருப்பதுதான் கடனைவிட மோசமானது என்று நான் உறுதியாக நம்புகிறேன். தவணை தவறியதை மனைவியிடம் மறைத்தவன், கடிதத்தை அரிசி டின்னுக்குப் பின்னால் செருகி வைத்தவன் என்று எத்தனை பேரைப் பார்க்கிறோம்.

அன்றைக்கு எங்கள் முன் இருந்த வழிகளில் முதலாவது, காடியை நாமே விற்பது. ஏலத்தைவிட நேரில் விற்றால் விலை கூடக் கிடைக்கும். ஈப்போவில் ஒரு பழைய காடி வியாபாரி 31,000 வெள்ளி கொடுக்கத் தயாராக இருந்தார். ஆனால் 40,480-ஐக் கட்டினால்தான் காடிப் பதிவில் இருக்கிற பேங்கின் உரிமைக் கோரிக்கையை எடுத்துவிடுவார்கள். நடுவில் இருக்கிற 9,480-ஐ ரொக்கமாக வைக்க வேண்டும். கையில் அவ்வளவு இல்லை. இருந்தவர்கள் இந்த வழியைத்தான் எடுக்க வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அப்பாவின் ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) காசை எடுக்கலாம் என்று தம்பி சொன்னான். நான் விடவில்லை. 60 வயதைத் தாண்டியவரின் மருந்துக்கும் சோற்றுக்கும் உள்ள காசு அது.

இரண்டாவது வழி, எங்கள் ஊரில் அதிகம் நடப்பது, 'சம்புங் பயார்'. காடியை இன்னொருவரிடம் கொடுத்து, "மாசாமாசம் நீ கட்டு" என்று விடுவது. தம்பியின் கூட்டாளி ஒருவன் ஆளே பார்த்து வைத்திருந்தான். பேங்குக்குத் தெரியாமல் இப்படிக் கைமாற்றுவது சட்டப்படி குற்றம். அதைவிட, வாங்கிக்கொண்டு போனவன் கட்டாமல் விட்டால் கடன் நம் பேரில், சமன் (அபராதம்) நம் பேரில், விபத்து நடந்தால் போலீஸ் வருவது நம் வீட்டுக்கு. திருப்பிக் கொடுக்கலாம் என்றாலும் காடி எங்கே இருக்கிறது என்று தெரியாது. இந்த வழியில் போன யாரும் நிம்மதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

மூன்றாவது, தவணையைக் குறைத்து மாற்றி எழுதக் கேட்பது. கேட்டோம், இரண்டு தவணை பாக்கியை முதலில் கட்டுங்கள் என்றார்கள். ஆகக் கடைசியில் தம்பியே திருப்பிக் கொடுப்பதென்று முடிவானது. இதைச் செய்ய வாடகைக் கொள்முதல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு நமக்கு உரிமை கொடுக்கிறது. வேலை நேரத்தில், கடன் கொடுத்தவர் தொழில் நடத்துகிற இடத்திலோ ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட இடத்திலோ கொண்டுபோய் ஒப்படைக்கலாம். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நாலாவது அட்டவணை நோட்டீஸ் கிடைத்து 21 நாளுக்குள் நாமே ஒப்படைத்தால், காடியை இழுத்த செலவு, அதைச் சார்ந்த செலவு, நிறுத்தி வைத்த செலவு எதையும் நம்மிடம் கேட்க முடியாது. இழுத்துக்கொண்டு போகட்டும் என்று காத்திருப்பவர்கள் இந்தச் சலுகையை இழக்கிறார்கள்.

ஒப்படைக்கிற அன்று தம்பியோடு நானும் போனேன். போவதற்கு முன்பே காடியை நாலு பக்கமும், டயர், சீட், இன்ஜின், ஓடிய கிலோமீட்டர் தெரியும்படி மீட்டர், எல்லாம் போனில் படம் எடுத்துக்கொண்டோம். டச் அண்ட் கோ அட்டை, பிள்ளை சீட், டேஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையார் எல்லாவற்றையும் எடுத்தாயிற்று. ஒப்படைத்ததற்குத் தேதி, நேரம், கிலோமீட்டர், காடியின் நிலை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்ட ரசீது கேட்டோம். கவுண்டரில் இருந்தவர் "அதெல்லாம் தேவையில்ல, சிஸ்டத்துல இருக்கு" என்றார். ரசீது இல்லாமல் சாவியைக் கொடுக்க மாட்டோம் என்று உட்கார்ந்தோம். கொடுத்தார். அந்த ஒரு தாள்தான் பிறகு எங்களுக்கு 2,000 வெள்ளிக்கு மேல் மிச்சப்படுத்தியது.

திரும்பி வந்து இன்சூரன்ஸை நிறுத்தக் கேட்டோம். க்ளைம் எதுவும் செய்யாததால் மீதிக் காலத்துக்குக் கொஞ்சம் காசு திரும்பி வந்தது. சின்னத் தொகைதான், இருந்தாலும் அந்த மாதம் உதவியது.

அப்புறம் ஏலம். ஏலத்துக்குப் போவதற்கு முன் காடியை ரொக்கமாக வாங்க ஓர் ஆளை நாமே கொண்டுவந்து காட்டலாம், பாக்கியைக் கட்டி நாமே மீட்கலாம், ஏலத் தேதியையும் குறைந்தபட்ச விலையையும் முன்கூட்டியே நமக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். காடியை இழுத்துப்போன பிறகு வருகிற ஐந்தாவது அட்டவணை நோட்டீஸில் இந்த உரிமைகள் எல்லாம் அச்சடித்தே இருக்கும். சின்ன எழுத்தில், சட்ட மொழியில் இருப்பதால் யாரும் படிப்பதில்லை. விற்கிறவர்கள் நியாயமாகக் கிடைக்கக்கூடிய நல்ல விலைக்கு விற்க முயல வேண்டும் என்பதும் சட்டம். அதனால் ஒப்படைத்த வாரத்திலேயே அதே மாடல், அதே வருடக் காடிகள் என்ன விலைக்கு விற்பனைக்கு வந்திருக்கின்றன என்று இணையத்தில் பார்த்துப் படம் எடுத்து வைத்தேன். ஏலத்தில் அடிமாட்டு விலைக்குப் போயிருந்தால் வாதாட அது உதவும். தம்பியின் காடி 28,000 வெள்ளிக்குப் போனது. எனக்குத் திருப்தி இல்லை, ஆனால் சண்டை போடுகிற அளவுக்கு மோசமும் இல்லை.

பிறகுதான் அந்தக் கடிதம் வந்தது, ஒரு வக்கீல் ஆபீஸிலிருந்து. 15,230 வெள்ளி, 14 நாளுக்குள் கட்டாவிட்டால் வழக்கு. தொகை எப்படி வந்தது என்று ஒரு வரியும் இல்லை. தம்பிக்கும் மாமாவுக்கும் தனித்தனியாக வந்திருந்தது. மாமா அன்று சாப்பிடவில்லை என்று அத்தை சொன்னார்.

வழக்கு என்ற வார்த்தை நம் ஆட்களை எப்படிக் கலங்கடிக்கும் என்று எனக்குத் தெரியும். உடனே ஆலோங்கிடம், அதாவது லைசென்ஸ் இல்லாத வட்டிக்காரனிடம், ஓடுகிறவர்கள் உண்டு. காடிக் கடனின் பாக்கியை ஆலோங் காசில் அடைத்தால், வீட்டுச் சுவரில் சிவப்புச் சாயம் பூசப்படுகிற நாள் தூரத்தில் இல்லை. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். வழக்கு என்றால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். இந்த அளவுத் தொகை மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகும். பாக்கி இருக்கிறது என்பதற்காக மட்டும் யாரையும் ஜெயிலில் போட மாட்டார்கள். "பேங்க்ரப்ட் ஆக்கிடுவாங்க" என்பதும் இந்தத் தொகைக்குப் பொருந்தாது. ஒருவரைத் திவாலாக்கக் கடன் குறைந்தது 100,000 வெள்ளி இருக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்கு எடுத்த காடிக்கு, லாபம் எதிர்பார்க்காமல் ஜாமீன் போட்ட மாமா போன்றவர்களைத் திவாலாக்கவே முடியாது. 2017-இல் வந்த சட்டத் திருத்தம் அவர்களைச் 'சமூக ஜாமீன்தாரர்' என்று சொல்லிக் காப்பாற்றியிருக்கிறது. இதை மாமாவிடம் சொன்னபோது, "எழுத்துல இருக்காம்மா?" என்று கேட்டார். இருக்கிறது மாமா என்றேன். திவாலாக்க முடியாதே தவிர, அவர் பேரில் வழக்குப் போட்டுப் பணத்தை வசூலிக்க முடியும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

ஆனால் வழக்கு வந்தால் போகாமல் இருப்பது ஆபத்து. நாம் வராவிட்டால் கேட்ட தொகைக்கு அப்படியே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அதில் நாம் கொடுக்கத் தேவையில்லாத கட்டணமும் சேர்ந்து கடனாகிவிடும், தீர்ப்புக்குப் பிறகு ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டியும் ஓடும். "6 வருஷம் கண்ணுல படாம இருந்தா கடன் செத்துடும்" என்று ஒட்டுக்கடையில் ஒருவர் தம்பிக்கு யோசனை சொல்லியிருக்கிறார். ஒப்பந்தக் கடனுக்கு வழக்குப் போட 6 வருடக் கெடு இருப்பது உண்மைதான். 6 வருடம் வரை கடன் கொடுத்தவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார் என்று நினைப்பதுதான் தப்பு. கெடுவுக்குள் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கிவிட்டால், அந்தத் தீர்ப்பு அதற்குப் பிறகும் பல வருடம் உயிரோடு இருக்கும். இடையில் தம்பிக்கு வீட்டு லோனும் கிடைக்காது.

நான் மூன்று பத்தியில் ஒரு கடிதம் எழுதினேன். கடன் இருப்பதை மறுக்கவில்லை, கட்ட விருப்பம் என்றும் எழுதினேன். தொகையின் முழு விவரத்தைக் கேட்டேன். முடிக்கும் தொகை எத்தனை மாதத் தள்ளுபடியோடு கணக்கிடப்பட்டது, ஏலத்தில் விற்ற விலைக்கு ஆதாரம், ஏலச் செலவுக்கு ரசீது, மற்றக் கட்டணம் ஒவ்வொன்றும் எந்த அடிப்படையில், தாமத வட்டி எத்தனை நாளுக்கு. தாமத வட்டி ஆண்டுக்கு 8 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. ஒப்படைத்த ரசீதின் நகலையும் நோட்டீஸ் தேதியையும் இணைத்து, பதிவுத் தபாலில் அனுப்பினேன். கணக்கு விவரம் கேட்டு எழுதினால் 14 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, அதையும் குறிப்பிட்டேன். போனில் பேசுவதை நான் நம்புவதில்லை. போனில் ஒருவர் அன்பாகப் பேசுவார், மறுநாள் வேறொருவர் அப்படி யாரும் சொல்லவில்லை என்பார்.

விவரம் வந்தது. முடிக்கும் தொகைக்கும் ஏல விலைக்கும் உள்ள வித்தியாசம் 12,480. தாமத வட்டியும் ஏலச் செலவும் 480. இது வரைக்கும் சரி. அதற்குக் கீழே காடி இழுத்த கட்டணம் 1,200, நிறுத்தி வைத்த கட்டணம் 620, வக்கீல் கடிதக் கட்டணம் 450. தம்பி தன் கையால் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்திய காடிக்கு இழுத்த கட்டணம் 1,200 வெள்ளி! யார் இழுத்தார்கள்? எங்கிருந்து? அந்த வரியைப் படித்தபோது எனக்கு வந்த கோபத்தில், இதே கட்டணத்தை ஒன்றும் கேட்காமல் கட்டிக்கொண்டிருக்கிற எத்தனை குடும்பம் நம் தோட்டங்களில் இருக்கும் என்றுதான் நினைத்தேன். கணினியில் ஒரு படிவம் இருக்கும், அதில் எல்லாருக்கும் ஒரே கட்டணம் விழும், கேட்டவனுக்கு நீக்குவார்கள், கேட்காதவன் கட்டுவான். இது சின்னக் கவனக்குறைவு என்று யாராவது சமாதானம் சொன்னால் நான் ஏற்க மாட்டேன். 1,200 வெள்ளி எங்கள் ஊரில் ஒரு மாதச் சோறு.

மறுபடியும் எழுதினோம். 21 நாளுக்குள் நாங்களே ஒப்படைத்ததற்கு இதோ ரசீது, இழுத்த செலவும் நிறுத்திய செலவும் பொருந்தாது. கணக்கைச் சரியாகக் காட்டாத கடிதத்துக்கு 450 வெள்ளியும் கட்ட முடியாது. அங்கேயும் இழுபறி. மத்திய வங்கியான பேங்க் நெகாராவிடம் புகார் கொடுப்போம் என்று எழுதிய பிறகு மூன்றையும் எடுத்துவிட்டுத் திருத்திய கணக்கு அனுப்பினார்கள். 12,960 வெள்ளி.

இதற்கிடையில் தம்பியை ஈப்போவில் இருக்கிற ஏகேபிகே ஆபீஸுக்கு அழைத்துப் போனேன். பேங்க் நெகாரா 2006-இல் ஆரம்பித்த கடன் ஆலோசனை நிறுவனம் அது, காசு வாங்குவதில்லை. சம்பளச் சீட்டு, பேங்க் கணக்கு, எல்லாக் கடன் விவரமும் கொண்டுபோக வேண்டும். அங்கே இருந்த பெண் தம்பியின் வரவு செலவை ஒரு தாளில் போட்டுக் காட்டி, மாதம் எவ்வளவு அவனால் தவறாமல் கட்ட முடியும் என்று கண்டுபிடித்தார். அந்தத் தொகை 360 வெள்ளி. அதற்கு மேல் ஒத்துக்கொண்டால் மறுபடியும் தவறும் என்று தெளிவாகச் சொன்னார். நம் ஆட்கள் பயத்தில், எதிராளி கேட்கிற 600-க்கும் 700-க்கும் தலையாட்டிவிட்டு, மூன்றாவது மாதமே சறுக்குவார்கள். கட்ட முடிகிற தொகையைச் சொல்லி அதில் நிற்பதில் வெட்கம் எதுவும் இல்லை. 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தபோது எங்கள் தாத்தா பால்வெட்டுச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டித்தான் பங்கு வாங்கினார். கட்ட முடிந்ததை மாதாமாதம் கட்டுவது எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான விஷயம்.

மாதம் 360 வீதம் 36 மாதம், மேலே வட்டி கிடையாது என்று எழுதிக் கேட்டோம். முதலில் மறுத்தார்கள், 24 மாதத்தில் முடிக்கச் சொன்னார்கள். ஏகேபிகே போட்டுக் கொடுத்த தாளின் நகலை அனுப்பினோம். ஒத்துக்கொண்டார்கள். மொத்தமாக ஒரு தொகை கையில் இருந்தால் கணிசமாகக் குறைத்து முடிக்கவும் கேட்டிருக்கலாம், பலர் அப்படி முடித்திருக்கிறார்கள். எங்களிடம் மொத்தமாக இல்லை, அவ்வளவுதான். எந்த வழியில் முடித்தாலும், காசு கட்டுவதற்கு முன்னால் ஒப்பந்தம் எழுத்தில் கைக்கு வர வேண்டும். அதில் மொத்தத் தொகை, தவணை, வட்டி இல்லை என்பது, ஒழுங்காகக் கட்டுகிற வரை வழக்குப் போட மாட்டோம் என்பது எல்லாம் இருக்க வேண்டும். வசூலுக்கு வருகிற ஆள் "என் அக்கவுண்டுக்குப் போட்டுடுங்க, நான் கட்டிடுறேன்" என்றால் ஒரு காசு கொடுக்காதீர்கள். கடன் கொடுத்தவரின் பேரில் இருக்கிற கணக்குக்கு மட்டும்தான் பணம் போக வேண்டும்.

தம்பி இப்போது செகண்ட் ஹேண்ட் மோட்டாரில் வேலைக்குப் போகிறான். மழை நாளில் கூட வேலை செய்கிற ஒருவரின் காடியில் பெட்ரோல் காசைப் பங்கு போட்டுப் போகிறான். சம்பளம் வந்த மறுநாளே 360 வெள்ளி தானாகப் போகும்படி பேங்கில் ஏற்பாடு செய்திருக்கிறோம். ரசீதுகள் என் வீட்டில் ஒரு பைலில் இருக்கின்றன, மாமாவுக்கும் ஒவ்வொரு மாதமும் போனில் படம் போகிறது. கடைசித் தவணை கட்டியதும் கடன் முழுவதும் தீர்ந்தது என்ற கடிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும். அதில் தம்பியின் பெயரோடு, ஜாமீனிலிருந்து விடுவித்ததாக மாமாவின் பெயரும் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வைத்திருக்கிறோம். அதற்குப் பிறகு இரண்டு பேரின் சிசிஆர்ஐஎஸ் (கடன் வரலாறு) அறிக்கையையும் எடுத்து, பாக்கி எதுவும் தொங்கவில்லையா என்று பார்ப்போம்.